ஆழ்குழாயில் வந்த காக்காப்பொன்

தாராபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில் போன சித்திரையில் இன்னொரு ஆழ்குழாய்க் கிணறு போட்டோம். பழைய கிணறுகள் எல்லாம் வற்றியிருந்தன. மரங்களில் மட்டைகள் தொங்கிப்போய், குரும்பைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. இதிலும் தண்ணீர் வராவிட்டால் தோப்பு இல்லை. அண்ணன் அன்று துளைபோட வந்த போர் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தார்.

அவருடைய தங்கையான நான் கோவையில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் அந்தப் படிப்புக்கு மரியாதை உண்டு, கேட்பார்தான் இல்லை. நீரோட்டம் பார்த்து இடம் சொன்னவர் உள்ளங்கையில் தேங்காயோடு தோப்பைச் சுற்றி வந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் கற்பூரம் காட்டித் துளைக்கத் தொடங்கினார்கள். முதல் தண்ணீரை மஞ்சள், குங்குமம், பூ தூவி வரவேற்பது எங்கள் வழக்கம். அண்ணி அந்தத் தட்டும் புதுக் குடமுமாகக் காலையிலிருந்தே நின்றார்.

செம்மண் முடிந்து பாறை வந்தது. வெள்ளைப் புகையாகத் தூள் பறந்தது. மதியத்துக்கு மேல் அது வெயிலில் பளபளக்க ஆரம்பித்தது.

"ஈரமா வருதுங்க! வந்துருச்சுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிய அண்ணி, யாரும் தடுப்பதற்குள் தட்டைக் குழியின் வாயில் கவிழ்த்துவிட்டார். மஞ்சளும் பூவும் குழியிலிருந்து சீறிய காற்றில் எகிறி அவர் தலைமேலேயே விழுந்தன.

தூளை அள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. காக்காப்பொன். வகுப்பில் மைக்கா என்போம்.

வருடாவருடம் நடத்துகிற பாடம்தான். ஒரு காலத்தில் நீருக்கடியில் படிந்த களிமண் இது. களிமண்ணின் நுண்ணிய தகடுகளுக்கு இடையே தண்ணீர் தங்கியிருக்கும். மேலே படிவு ஏற ஏற அது களிப்பாறையாக இறுகும். ஆழத்தில் சூடும் அழுத்தமும் கூடக் கூட அந்த நீர் பிழிந்து வெளியேறிவிடும், களிமண் கொஞ்சம் கொஞ்சமாக மைக்காவாக மாறும். முதலில் கண்ணுக்கே தெரியாது. பிறகு தகடுகள் பெரிதாகி, ஒரே வாக்கில் படுத்து மின்னத் தொடங்கும். நீரை இழந்துதான் இந்த மினுக்கே வருகிறது. கரும்பலகையில் எழுதும்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அன்று அந்தப் படிப்பின் மேலேயே எரிச்சலாக வந்தது.

"ஏனம்மிணி, இன்னுங் கொஞ்சம் போனா வருமா?" என்றார் அண்ணன்.

"பாறையில வெடிப்பே காணமுங்ண்ணா. மழைத்தண்ணி எறங்குறதுக்கு வழியே இல்லீங்க."

அவர் கேட்கவில்லை. ஆயிரம் அடி வரை போகச் சொன்னார். கடைசிவரை புகைதான்.

வண்டி கிளம்பியதும் இருவரும் தூள் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். வாய் சும்மா இருக்காமல் அந்தக் களிமண் கதையை அவரிடம் சொன்னேன். ஒரு பிடி தூளைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"திரும்பக் களிமண்ணா ஆகாதா அம்மிணி?"

"ஆகுமுங்ண்ணா. மேல வந்து, மழைத்தண்ணி பட்டுட்டே கெடந்தா, ரொம்பக் காலத்துல ஆகும்."

"அதுக்கும் தண்ணி வேணுமா?"

"வேணுமுங்ண்ணா."

கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அந்தப் பக்கம் அண்ணி குடத்தைக் கவிழ்த்து, உள்ளே படிந்திருந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் போனை எடுத்து, செங்கல் சூளைக்கு மரம் வாங்குகிறவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நம்ம தோப்புக்கு எப்ப வாரீங்க? இல்லீங்க, காஞ்சது மட்டுமில்ல. எல்லா மரமும்தானுங்க."