சரிபண்றதுக்கு முன்னே கொடுத்த நம்பர்

விதை மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைச்சிக்கினே இதை எழுதுறேன். பத்து உடைச்சா ஒரு வரி. மிஷின்ல போட்டா பருப்பு அடிபட்டு முளைக்காதுன்னு, விதைக்கு மட்டும் எங்க கையைத்தான் தேடி வருவாங்க. ஆனா போன மாசம் ரெண்டு வாரமா என் முழுநேர வேலை இது இல்ல. நெட் கம்பெனிக்குக் கம்ப்ளைண்ட் குடுக்கிறதுதான். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. உங்க வீட்டு நெட் பெட்டியிலயும் அந்தச் சிவப்பு லைட்டு எரிஞ்சிருந்தா நீங்களும் என் கூட்டாளிதான்.

நெட் எங்களுக்கு சினிமா பாக்க இல்ல. என் பொண்ணு மெர்சிக்கு மூணரை வயசு. பிறந்ததிலேர்ந்து காது கேக்காது. இப்பத்தான் காதுக்கு மெஷின் வெச்சு, சத்தம்னா என்னன்னு கத்துக்கிறா. வாரம் ஒருநாள் சென்னையிலேர்ந்து ஒரு டீச்சர் வீடியோவுல பேச்சு சொல்லித் தர்றாங்க. சேர்ந்தாப்ல மூணு வகுப்பு விட்டுப்போனா, காத்திருக்கிற அடுத்த குழந்தைக்கு அந்த இடம் போயிடும்.

முதல் போன்

ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு ஒரு குரல் சொன்னவரைக்கும் தைரியமா அழுத்தினேன். அப்புறம் நிஜமாவே ஒரு பொண்ணு பேசினதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. மூணு தடவை "ஹலோ" சொன்ன அந்தப் பொண்ணு கடைசியா கேட்டுது: "அக்கா, ரிப்பேர் உங்க நெட்டா, உங்க போனா?"

நம்பர்

எப்படியோ கம்ப்ளைண்ட் எழுதிக்கிட்டாங்க போல, மறுநாள் லைன்மேன் பாலு அண்ணன் போன் பண்ணார். "உன் போனுக்கு நாலு நம்பர் வந்திருக்கும், சொல்லும்மா. வந்துக்கினே இருக்கேன்" என்றார். பெரியவர் கேக்குறார், எப்படி இல்லைன்னு சொல்றது? வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கிற மாதிரி குடுத்துட்டேன். அவர் வரல. "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது, நன்றி"ன்னு மெசேஜ்தான் வந்துச்சு. வேலை முடிஞ்சப்புறம் குடுக்கவேண்டிய நம்பராம் அது.

இப்படியே நாலு தடவை. லாரி ஓட்டப் போயிருந்த என் வீட்டுக்காரர் போன்ல கேட்டுட்டுத் தலையில அடிச்சிக்கிட்டார்: "ஏம்மே, மெக்கானிக் வண்டியத் தொடறதுக்கு முன்னாடியே நல்லா ஓடுதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா நீ?"

ஆ

முதல் வாரம் வகுப்பே வரல. ரெண்டாவது வாரம் வந்துச்சு. டீச்சர் "ஆ"ன்னு வாயைத் திறந்தாங்க, அப்படியே நின்னுட்டாங்க. மெர்சி அது பாடம்னு நெனச்சு, தானும் வாயைத் திறந்துக்கினு உட்கார்ந்திருந்தா. டீச்சர் மூடுனாத்தானே இவ மூடுவா? நான்தான் தாடையைத் தொட்டு மெதுவா மூடிவிட்டேன்.

டீச்சர் போன்ல சொன்னாங்க: "ரெண்டு போச்சும்மா. தப்பு கம்பெனி லைன்லதான்னு அவங்க ஒரு லெட்டர் குடுத்தா, மேல காட்டி இடத்தை நிறுத்தி வைப்பேன்."

விழுப்புரம் ஆபீஸ்

மெர்சியை இடுப்புல வெச்சிக்கினு பஸ் ஏறினேன். ஆபீஸ் மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க. "நாலு தடவையும் சரியாயிடுச்சுன்னு நீங்களே நம்பர் குடுத்திருக்கீங்களே? வேணும்னா ஒரு மாசம் ப்ரீயா போட்டுத் தரேன். லெட்டர்லாம் முடியாது" என்றாங்க. ப்ரீ வேணாம்னு தலையாட்டினேன். மெர்சியைத் தூக்கிக்கினு மேஜைகிட்டயே நின்னேன்.

பக்கத்துல ஒருத்தர் ஒயர் சுருட்டிக்கினு இருந்தார். மெர்சி காது மெஷினையே பார்த்தார். அப்புறம் மேஜைகிட்ட வந்தார். குரலைக் கேட்டதும்தான் பாலு அண்ணன்னு எனக்குத் தெரிஞ்சது. "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல மேடம். சாயந்திரத்துக்குள்ள கணக்கு முடிக்கணும்னு, கம்பத்துல ஏறாமலே நம்பர் வாங்கினது நான்தான். எம்பேரைப் போட்டே எழுதுங்க."

வாசப்படி

லெட்டர் கிடைச்சுது. மறுநாளே கம்பத்துல ஏறி, அணில் கடிச்ச ஒயரை மாத்திட்டு பாலு அண்ணன் இறங்கினார். பச்சை லைட்டு வந்துச்சு, மெர்சி கிளாஸ் நேரமும் ஆச்சு. "நம்பர் சொல்லும்மா" என்றார். என் வாழ்க்கையில முதல் தடவையா, "கிளாஸ் முடியட்டும்ண்ணா" என்றேன். சொல்லிட்டுக் கதவு பின்னாடி நின்னுக்கிட்டேன்.

அவர் வாசப்படியில உட்கார்ந்தார். உள்ளே மெர்சி "ஆ... ஊ..." சொல்லச் சொல்ல, அவர் வாயும் சத்தம் இல்லாம கூடவே போச்சு. அரைமணி கழிச்சு நான் நம்பரோட வந்தா, கையைக் காட்டி நிறுத்தினார்: "இரும்மே, கொழந்த இன்னும் முடிக்கல. எனக்கு ஒண்ணும் ஜல்தி இல்ல."

ஆக நான் சொல்ல வர்றது என்னன்னா, நம்மள மாதிரி வாய் இல்லாதவங்க அந்த நாலு நம்பரையாவது கெட்டியா புடிச்சிக்கினு, வேலை முடிஞ்சப்புறம்தான்... இருங்க, "ம்மா! டீச்ச!"ன்னு மெர்சி கூப்பிடுறா, லைன்ல வந்துட்டாங்க போல, நான்