எண்பத்து நாலாம் நம்பர்காரர்

பன்னிரண்டு வருடம் அமெரிக்க டாக்டர்கள் பேசுவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எவர் வயிற்றில் என்ன வலி, எந்தக் காலில் வீக்கம், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பிறகு அந்த வேலையை மெஷினே செய்ய ஆரம்பித்தது. ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். நாற்பத்தோராவது வயதில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்த ஆபீஸுக்கு இன்டர்வியூ போனபோது, கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அக்கா, அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"ரொம்ப நல்லதுங்க. தப்பா எதையும் கத்துக்கிட்டு வந்திருக்க மாட்டீங்க."

கேட்டவள் எங்கள் லீடு, பிரிவுக்குத் தலைவி. அவிநாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள்.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு தொழில்முறை ஃபுட்பால் டீம். பெயரைச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், இப்போதும் சொல்லப்போவதில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுவார்கள். திங்கள் மதியம் அந்த ஆட்டத்தின் வீடியோ எங்களுக்கு வந்துவிடும். அந்த ஆட்டம் ஓடுவதும் நிற்பதுமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஓட்டமும் ஐந்தாறு நொடி. அந்த ஐந்தாறு நொடியில் மைதானத்தில் இருக்கும் இருபத்திரண்டு பேரும் எங்கே நின்றார்கள், எந்தப் பக்கம் ஓடினார்கள், பந்தை யார் வீசினார், யார் பிடித்தார், பிடிக்கவில்லை என்றால் அது யார் தப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு, அதாவது டேக், போட வேண்டும். அங்கே உள்ள பயிற்சியாளர்கள் அதை வைத்து அடுத்த வார ஆட்டத்துக்குத் தயாராவார்கள்.

ஒருவர் டேக் போட, இன்னொருவர் சரிபார்ப்பார். எனக்குச் சரிபார்க்க வாய்த்தவர் கோட்டைமேட்டுக்காரர், ஐம்பத்து மூன்று வயது. ஒரு கூரியர் ஆபீஸில் இருபது வருடம் இருந்துவிட்டு, அது மூடின பிறகு இங்கே வந்தவர். எங்கள் பிரிவின் பதினொரு பேரில் அவருக்குத்தான் வயது அதிகம். நான் அவரை அண்ணா என்பேன். அவர் முதல் வாரம் மேடம் என்றார், இரண்டாம் வாரத்திலிருந்து தங்கச்சி.

நான் போட்ட டேக் அவருக்குச் சரியாகப் படவில்லை என்றால் அவர் அமுக்குவதற்கு ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினால் விஷயம் லீடிடம் போகும். யார் சொன்னது தப்போ அவர் பெயரில் அது பதிவாகிவிடும். அவர் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. நாற்காலியை என் பக்கம் நகர்த்தி மெதுவாகக் கூப்பிடுவார்.

"தங்கச்சி, இதை இன்னொருக்கா பாருங்க. எனக்கு வேற மாதிரி தெரியுது."

பார்த்தால் நான்தான் தப்பாகப் போட்டிருப்பேன். சத்தமில்லாமல் மாற்றிவிடுவேன். முதல் இரண்டு மாதத்தில் நாளைக்கு இருபது தடவையாவது அப்படிக் கூப்பிட்டிருப்பார். அவர் கூப்பிடாமல் பட்டனை அமுக்கியிருந்தால் தீபாவளிக்கு முன்பே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

எங்கள் டீம் முதலில் தோற்றுக்கொண்டே இருந்தது. எங்களுக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. தோற்றாலும் ஜெயித்தாலும் டேக் ஒன்றுதான். அக்டோபர் கடைசியில் ஒரு ஆட்டம் ஜெயித்தார்கள். அடுத்த வாரமும் ஜெயித்தார்கள். அப்புறம் விடவேயில்லை. திங்கள்கிழமை விடியற்காலைத் தொழுகைக்கு எழும்போதே அண்ணா போனில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு வருவார். மாடிப்படி ஏறும்போதே முகத்தில் தெரியும். என் வீட்டுக்காரர் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். அதிகம் பேச மாட்டார். அவர்கூடத் திங்கட்கிழமை சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்க ஆரம்பித்தார்.

"ஏம்புள்ள, உங்க டீம் கெலிச்சுதா?"

"கெலிச்சுப்போட்டாங்க."

"பார்றா" என்பார். அவ்வளவுதான். ஆனால் கேட்காமல் இருக்க மாட்டார்.

டிவியில் பார்ப்பவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். எங்கள் வேலை அப்படியில்லை. பந்து வராத ஆளையும் பார்த்தாக வேண்டும். அப்படித்தான் எண்பத்து நாலாம் நம்பர்காரர் எங்கள் கண்ணில் பட்டார். வீசின பந்தைப் பிடிக்கிற ஆள்களில் ஒருவர். டீமிலேயே வயதானவர், முப்பத்தாறு. பந்து அவருக்கு ஆட்டத்தில் இரண்டு மூன்று தடவைதான் வரும். மற்ற நேரமெல்லாம் அவரைவிடப் பெரிய ஆள்கள் மேல் போய் மோதி, இளவயசுக்காரர்கள் ஓட வழி உண்டாக்கிவிட்டுக் கீழே விழுவார். விழுந்தால் வலது கையை முழங்கால் மேல் ஊன்றித்தான் எழுவார். எழுந்ததும் பக்கத்தில் விழுந்து கிடக்கிறவனுக்குக் கை கொடுப்பார், எதிர் டீம் ஆளாக இருந்தாலும். அதற்கெல்லாம் டேக் கிடையாது.

"அந்த வயசுல இந்த இடி வாங்கிட்டு எந்திரிக்கறாரு பாருங்க தங்கச்சி. நான் பஸ்ஸுல சீட்டு விட்டு எந்திரிக்கறதுக்கே யா அல்லாங்கறேன்," என்பார் அண்ணா.

இதுதான் அவருக்குக் கடைசி வருடம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார். அதற்குப் பிறகு எண்பத்து நாலுக்குப் பந்து போகிற ஓட்டம் வந்தால் நான் நிறுத்தி அவரைக் கூப்பிடுவேன். இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

பொங்கலுக்கு எங்களுக்கு லீவு இல்லை. அங்கே அப்போதுதான் தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டங்கள் ஆரம்பம். பொங்கலுக்கு முந்தின நாள், வீட்டு வாசலில் வேப்பிலைக் காப்புக் கட்டிய அன்று, நான் ஆபீஸில் உட்கார்ந்து டேக் போட்டுக்கொண்டிருந்தேன். உடுமலையிலிருந்து அம்மா போன் பண்ணி, "நோம்பிக்குக்கூட வர முடியாத அப்படி என்ன கண்ணு வேலை?" என்றாள். பந்து விளையாட்டு என்று சொன்னால் இன்னும் திட்டுவாள் என்று, "கம்ப்யூட்டர் வேலைம்மா" என்றேன். அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் எங்கள் டீம் ஜெயித்தது. இன்னும் ஒன்று ஜெயித்தால் இறுதி ஆட்டம். லீடு எல்லோருக்கும் பன்னீர் பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். இறுதி ஆட்டம் வரைக்கும் போனால் அடுத்த வருடமும் வேலை நிச்சயம் என்றாள்.

அடுத்த திங்கள்கிழமை அண்ணா படியேறி வந்தபோதே முகத்தில் தெரிந்தது. பையை மேஜை மேல் வைத்துவிட்டு, "நாலு புள்ளியில போயிருச்சுங்க," என்றார். கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டே, "கடைசிப் பந்து அவருக்குத்தான் வந்திருக்குது," என்றார்.

வீடியோ மதியம் வந்தது. நான் முதல் ஓட்டத்திலிருந்து வரிசையாகத்தான் வந்தேன். கடைசி ஓட்டத்துக்கு வரும்போது புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். ஆட்டம் முடியப் பதினொரு நொடி பாக்கி. பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் பிடித்தால் டச்டவுன், ஆறு புள்ளி, ஜெயிக்கலாம். பந்து உயரமாகப் போய் மூலையில் இறங்குகிறது. எண்பத்து நாலு அங்கே இருக்கிறார். பந்து நேராக அவர் நெஞ்சுக்கு வருகிறது, இரண்டு கைக்கும் நடுவே. பின்னாலிருந்து எதிர் டீம் ஆள் ஒருவன் கையை நீட்டிப் பாய்கிறான். பந்து கீழே விழுகிறது.

பந்து ஏன் பிடிபடவில்லை என்பதற்கு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீசியவர் தப்பு. எதிராளி தட்டிவிட்டான். பிடிப்பவர் நழுவவிட்டார்.

மேலிருந்து எடுத்த வீடியோவில் எதிராளியின் கை பட்ட மாதிரித்தான் இருந்தது. கோல் கம்பத்துப் பக்கமிருந்து எடுத்ததைப் போட்டேன். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். அவன் விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. முன்னால் நகர்த்தினேன், பின்னால் நகர்த்தினேன். இடைவெளி இருந்தது. 'பிடிப்பவர் நழுவவிட்டார்' என்று போட்டேன்.

அண்ணா நாற்காலியை நகர்த்தி வந்தார்.

"தங்கச்சி, இது தட்டிவிட்டதுங்க."

"இல்லீங்ண்ணா, படலைங்க. இந்தப் பக்கத்து வீடியோவைப் பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மேல இருந்து எடுத்ததுல பட்டிருக்குது."

"அதுல அப்படித் தெரியுதுங்ண்ணா. இதுல தெளிவா இருக்குதுங்களே."

"மாத்திருங்க தங்கச்சி."

"எப்படிங்ண்ணா மாத்தறது? பட்டிருந்தா மாத்தீருவேன்."

"வருசம் பூரா அந்த ஆளு வாங்கின இடியெல்லாம் நம்ம ரெண்டு பேருதானுங்க பார்த்தோம். கடைசியில நம்ம கையாலயே இப்படி எழுதணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தோற்ற துக்கம் எனக்கும்தான் இருந்தது. அவருக்கு மட்டும்தான் இருக்கிற மாதிரி அவர் பேசியது ஒரு காரணமாக இருக்கலாம். ஐந்து மாதமாக நான் செய்த தப்புகளை அவர் காட்டிக்கொண்டே இருந்தார். ஒருமுறையாவது நான் சரியாகப் போட்டிருக்கிறேன் என்கிற வீம்பும் இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

"நான் மாத்த மாட்டேனுங்க. வேணும்னா நீங்க பட்டனை அமுக்கிக்குங்க," என்றேன்.

அப்படிச் சொன்னால் அமுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். பிறகு அமுக்கினார்.

லீடு இரண்டு வீடியோவையும் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அக்கா போட்டதுதான் சரிங்க சார்."

"சரிங்க," என்று அண்ணா எழுந்து மதியத் தொழுகைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. காலையில் "வாங்க" என்பார். சாயங்காலம் "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். ஆனால் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. நாற்காலியும் என் பக்கம் நகரவில்லை. நானாகப் போய்ப் பேசியிருக்கலாம். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பிப்ரவரியில் அங்கே பயிற்சியாளரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே வரை கொண்டுவந்த மனுஷனை ஏன் நீக்கினார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. புதிதாக வந்தவர் தனக்குப் பழக்கமான ஆள்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீடியோ வேலையும் வேறு எங்கேயோ போயிற்று. எண்பத்து நாலை டீமிலிருந்து விடுவித்துவிட்டதாக ஒரு செய்தியில் இரண்டு வரி வந்திருந்தது. அதை நான் போனில் படித்துவிட்டு நிமிர்ந்தபோது அண்ணாவும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து மேனேஜர் திரையில் வந்தார். எங்கள் பிரிவை மூடுவதாகவும், ஐந்து பேரை மட்டும் வேறு வேலைக்கு மாற்றிக்கொள்வதாகவும் சொன்னார். கடைசி மாதத்தில் லீடு வரைக்கும் போன தகராறுகளில் யார் பெயரில் தப்பு விழுந்தது என்று கணக்குப் பார்த்துத்தான் பட்டியல் போட்டிருந்தார்கள். என் பெயர் இருந்தது. அண்ணா பெயர் இல்லை.

மாடிப்படியில் லீடைப் பிடித்து நிறுத்தினேன்.

"கண்ணு, அண்ணா பேர்ல எத்தனை தப்பு இருந்துச்சு?"

அவள் தயங்கினாள். "ஒண்ணுதானுங்கக்கா."

"அன்னைக்கு நான் மாத்தியிருந்தா?"

"மாத்தியிருந்தா கிளையன்ட் கண்டுபிடிச்சு உங்க ரெண்டு பேர் பேர்லயும் போட்டிருப்பாங்க. கடைசி ஓட்டத்தை அவங்க பார்க்காம விடுவாங்களா? மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கக்கா."

அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ உள்ளதைத்தானே போட்டே?" என்றார். பிறகு, "அந்தாளு ஊட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஐந்து மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். எண்பத்து நாலுக்கு எந்த முழங்காலில் வலி என்று தெரியும். இது தெரியவில்லை.

இப்போது என் வேலை சூப்பர் மார்க்கெட் அலமாரிகளின் போட்டோவில் எந்த வரிசையில் எந்த பிஸ்கட் பாக்கெட் இருக்கிறது என்று டேக் போடுவது. அதிலும் யாராவது சரிபார்ப்பார்கள். யார் என்று தெரியாது. ஏதோ ஒரு ஊரில் இருக்கிறார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு மகளுக்குச் செருப்பு வாங்க ஒப்பணக்கார வீதிக்குப் போனேன். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைந்தால், அங்கே அண்ணா நின்றுகொண்டிருந்தார். அவருடைய மச்சான் கடையாம், இப்போது அங்கேதான் வேலை.

"வாங்க, வாங்க. பாப்பாங்களா? உக்காரு கண்ணு," என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். அவரே கீழே உட்கார்ந்து அவள் காலுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எழும்போது வலது கையை முழங்காலில் ஊன்றினார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

மகள் கண்ணாடி முன்னால் நடந்து பார்க்கப் போனாள். நான் பேச்சை ஆரம்பித்தேன்.

"அண்ணா, அன்னைக்கு நான்…"

"விடுங்க. எனக்கும் தெரிஞ்சதுங்க. கை படலை."

"தெரிஞ்சுமாங்ண்ணா அமுக்கினீங்க?"

"எழுத மனசு வரலீங்க," என்றார். செருப்பு டப்பாவின் மூடியைச் சரியாக மூடிக்கொண்டே, "அத்தனை பேருல ஒருத்தராவது அவரு தப்பு இல்லைன்னு சொன்னாங்கன்னு இருக்கட்டுமேன்னு தோணுச்சு. அவருக்குத் தெரியவா போகுது? இருந்தாலும்," என்றார்.

டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்த வருசம் பார்க்கறீங்களா?"

"இல்லீங்ண்ணா."

"நான் ஸ்கோரு மட்டும் பார்ப்பேன். அஞ்சு ஆட்டத்துல நாலு போயிருச்சு."

அதற்குள் ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அவர் அவர்கள் பக்கம் திரும்பி, "வாங்க, யாருக்குங்க பார்க்கறது?" என்றார்.

பஸ்ஸில் மகள், "அவரு யாரும்மா?" என்றாள். கூட வேலை பார்த்தவர் என்றேன். மறுநாள் புதுச் செருப்பு இடது காலைக் கடிக்கிறது, மாற்றிக்கொண்டு வா என்றாள். அந்தக் கடைக்குத் திரும்பப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. காந்திபுரத்தில் வேறு கடையில் அவளுக்கு இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன்.