டிஸ்கோ காட்டு அணில்

எனக்குப் பொறுமை கிடையாது. ஆர்.எஸ்.புரத்தில் பழைய கேசட்டையும் கல்யாண வீடியோவையும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் கடை வைத்திருப்பவளுக்குப் பொறுமை வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஷாநவாஸ் சொல்வார். சொல்லிவிட்டு அவர் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். கடையில் உட்கார்ந்து எல்லாருடைய கல்யாணத்தையும் பார்ப்பது நான். வருகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டார்கள். பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இது சித்தப்பா, இது சம்பந்தி என்று மூன்று மணி நேரம் என் உயிரை வாங்குவார்கள்.

அழகிரிசாமி அண்ணன் வந்தபோதும், வந்துட்டாருய்யா இன்னொருத்தர் என்றுதான் நினைத்தேன். அறுபத்தேழு வயது. மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் வைண்டிங் செக்‌ஷனில் இருந்து ரிட்டையர் ஆனவர். சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு கலர் நூலில் தைத்திருந்தது. பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, இது எங்க மச்சினன் மகள் கல்யாணம். இதுல என்ற சம்சாரம் பேசறா. மேல போட்டிருக்கிற பாட்டை எடுத்துப்போட்டு அவ பேசறதை மட்டும் உட முடியுங்களா?"

போட்டுப் பார்த்தேன். பந்தியில் ஊதா கலர்ப் பட்டுச் சேலையில் ஓர் அம்மா, ஜாங்கிரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்கப் பேசுகிறார். வாய் அசைகிறது. கேட்பதென்னவோ சினிமாப் பாட்டு. நம் ஊர்க் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் நேரம் தவிர மனுஷக் குரலுக்கு எங்கே இடம்?

"அடியில ஒண்ணுமே இல்லீங்ணா. பேச்சை அழிச்சுட்டுத்தான் பாட்டைப் போட்டிருக்காங்க."

"அப்படீங்களா," என்றார். எழுந்து போகவில்லை.

பிறகு அவரே சொன்னார். மனைவி ரங்கநாயகி, காரமடைப் பக்கம். இறந்து நான்கு வருஷம். பிள்ளைகள் இல்லை. போட்டோ இரண்டு ஆல்பம் நிறைய இருக்கிறது, பேசுகிற குரல்தான் ஒரு சொட்டுகூட எங்கேயும் இல்லை. அந்த அம்மா கடைசிவரை பட்டன் போன்தான் வைத்திருந்தாராம்.

"நாலு வார்த்தை போதுங்க. 'சாப்பிட வாங்க'ன்னு ஒருக்காக் கேட்டாப் போதும். ஊட்டுல டிவியப் போட்டு உட்டாலும் சத்தமே இல்லாத மாதிரி இருக்குது."

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு டிவிடியைத் துடைத்து உறையில் போட்டு வைத்ததோடு சரி. அண்ணன் டிவிடியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். இந்த முறை நடையிலேயே வேகம். கையில் ஒரு கேசட். அட்டையில் பெல்பாட்டம் போட்ட கரடி, கூலிங்கிளாஸ் மாட்டிய அணில், மைக் பிடித்த கிளி. 'டிஸ்கோ காடு – குட்டீஸ்களுக்கான குதூகலப் பாடல்கள்.' அட, இது எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நான் ஆடிய பாட்டாச்சே! தலையில் காகிதக் காது ஒட்டி, அது பாதியில் கழன்று விழுந்து, மேடையிலேயே அழுதவள் நான்.

"'கொட்டாங்கச்சித் தாளம் போடு, கொய்யா மரத்துல ஆட்டம் ஆடு'... இதுதானுங்ளே?" என்று பாடியே காட்டினேன்.

"அதேதானுங்க! அந்த அணில் எங்க ரங்கநாயகி."

நான் சிரித்துவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தால், 'பாடியவர்கள்: சிட்டு அணில், தொப்பைக் கரடி, பச்சைக் கிளி' என்று போட்டிருந்தது. மனுஷர் பெயர் ஒன்றுகூட இல்லை. குழந்தைகள் நம்பட்டும் என்று அப்படிப் போட்டார்களாம். நல்லா நம்ப வைத்தார்கள்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்திருக்கிறார்கள். கம்பெனி லீவு நாட்களில் அண்ணன் டிரம்ஸ் வாசிப்பார், ரங்கநாயகி அம்மா பாடுவார். அந்தக் குழுவைத்தான் இந்த கேசட்டுக்குக் கூப்பிட்டார்கள். அணில் குரலுக்கு ஒரு தந்திரம் உண்டு. டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, பாடுகிறவர் ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து மெதுவாகப் பாட வேண்டும். அப்புறம் டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சுக் கீச்சென்று அணிலாகிவிடும். அண்ணன் பதினைந்து நாள் வீட்டில் தொடையில் தாளம் தட்டி, மெதுவாகப் பாட மனைவியைப் பழக்கினாராம்.

"அப்ப இதைத் திரும்ப மெதுவா ஓட்டினா அவ குரல் வெளிய வந்துருமுங்களே? நேத்து ராத்திரி பூரா இதே நெனப்புதானுங்க."

வருமா என்றால் வரும். எனக்கே கை பரபரத்தது. உடனே கேசட்டை ஏற்றி, போனில் போட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். வந்தது அணில்தான். தூக்கக் கலக்கத்தில் இழுத்து இழுத்துப் பேசும் அணில். அண்ணன் முகம் சப்பென்று ஆகிவிட்டது. போனில் வேகத்தைக் குறைத்தால் வார்த்தைதான் நீளும், குரல் அப்படியே நிற்கும். அவசரக்குடுக்கை நான்! முதலிலேயே யோசித்திருக்க வேண்டாமா?

"இருங்ணா, மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க. கம்ப்யூட்டர்ல வேற வழி இருக்குது. பழைய டேப் மாதிரி குரலையும் சேர்த்து இறக்கலாம். கேசட் தேஞ்சு கிடக்குது, சுத்தம் பண்ணோணும். ரெண்டு நாள் குடுங்க."

ரெண்டு நாளும் கல்யாண வேலையெல்லாம் தூக்கி ஓரம் போட்டுவிட்டு இதிலேயே உட்கார்ந்தேன். இரைச்சலை எடுத்தேன். கரடி வரும் இடங்களை வெட்டினேன். இறக்கிய குரலை மட்டும் கேட்காமல் வைத்திருந்தேன். முதலில் அவர்தான் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

அழகிரிசாமி அண்ணன் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, முகச்சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். பெண் பார்க்க வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஹெட்போன் வேண்டாம், வெளியிலேயே வையுங்கள் என்றார். வைத்தேன்.

அணில் காணாமல் போயிற்று. ஒரு பெண் பாடினாள். கணீரென்று, மூச்சு தெரியாமல், ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து நிறுத்தி நிறுத்தி. 'கொட்டாங்கச்சி' என்ற வார்த்தைக்கு இவ்வளவு அழகு இருக்கிறதென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"யா அல்லாஹ், என்ன குரலுங்ணா!" என்று கத்திவிட்டேன். "இவ்வளவு நல்லாப் பாடுவாங்களா உங்க சம்சாரம்?"

அண்ணன் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். பாட்டு முடியும்வரை ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன்.

"இது ரங்கநாயகி இல்லீங்க அம்மணி."

நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கக் கூடாதா? ஒருவேளை வேகம் சரியில்லையோ என்று முன்னே பின்னே நகர்த்திப் பார்த்தேன். எந்த வேகத்தில் வைத்தாலும் அது வேறு யாரோதான்.

அவராகவே பேச ஆரம்பித்தார். டிரம்ஸ் பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாட்டுப் பதிவு மறுநாள். அன்றைக்கு அண்ணனுக்கு ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. ரங்கநாயகி அம்மா தன் கூடப்பிறந்த அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார்.

"நான் கம்பெனியில எல்லாத்துக்கும் லட்டு வாங்கிக் குடுத்துப்போட்டு ஊட்டுக்கு வாரேன், அவ வாசல்ல உக்காந்திருக்கா. கண்ணு ரெண்டும் செவந்து கிடக்குது. ஏன் புள்ளேன்னு கேட்டா, ஸ்டுடியோவுல ஏசி ஒத்துக்கலீங்கன்னா. பாட்டு எப்படி வந்துச்சுன்னேன். நல்லா வந்துச்சுங்கன்னு சொன்னா. அவளுக்கு மெதுவாப் பாட வரவே வராதுங்க. திருப்பி அனுப்பிப்போட்டாங்க போலிருக்குது. லட்டு டப்பாவைப் பார்த்துட்டு எப்படிச் சொல்லுவா?"

கேசட் வந்த பிறகு ஊரெல்லாம் இவர் சொல்லித் திரிந்திருக்கிறார். எந்தப் பள்ளிக்கூடத்தில் பாட்டுக் கேட்டாலும் சைக்கிளை நிறுத்திவிடுவாராம். சொந்தக்காரப் பிள்ளைகள் வந்து அத்தை அணில் மாதிரி பாடுங்க என்று நச்சரித்தால், அந்த அம்மா தொண்டை கட்டியிருக்கு கண்ணு என்று சமையல்கட்டுக்குள் போய்விடுவாராம்.

"அலட்டிக்கிறான்னு ஒருக்கா எல்லார் முன்னாலயும் வஞ்சுகூடப் போட்டேனுங்க. அப்பவும் வாயைத் திறக்கல. முப்பது வருசம். நான் சந்தோசமா இருக்கட்டும்னு உட்டுட்டா."

கடைக்கு வெளியே ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எழுந்து போய் நாலு வார்த்தை திட்டலாமா என்றிருந்தது. போகவில்லை.

"அவ போனதுல இருந்து தினமும் இதைத்தான் கேட்டேனுங்க. இந்தக் கீச்சுக்குள்ள அவ இருக்கான்னு நெனச்சு நெனச்சுக் கேட்டேன். இப்பக் கண்ணை மூடினா அணில்தான் வருது. இவ அவ இல்லைன்னு தெரியுது அம்மணி. அவ குரல் எதுன்னு தெரிய மாட்டேங்குது."

அழுவார் என்று நினைத்தேன். அழுதிருந்தால் தேவலை. தண்ணீர் கொடுத்தேன், கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார்.

"நீங்க அவளைப் பார்த்திருக்கீங்களா? இந்த வீதிக்குத்தான் ஜாக்கெட் தைக்கக் குடுக்க வருவா. உங்க கடைக்கு ஒருக்காலாவது வந்திருக்காளா?"

அந்த ஊதா சேலை வீடியோ தவிர அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். யாரிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள்தானே நான்.

"வந்திருக்காங்கண்ணா," என்றேன். "ஒரு தடவை ஏதோ விசாரிச்சாங்க."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "பேசினாளா? குரல் எப்படி இருந்துச்சுங்க? மெல்லிசாவா, கனமாவா?"

அவர் கண் என் வாயிலேயே இருந்தது. இரண்டில் ஒன்று சொல்லியாக வேண்டும்.

"கனமா இருந்துச்சுங்ணா."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் ஏதோ சொல்லிப் பார்த்தது. நெடுநேரம் கழித்து மெதுவாகத் தலையாட்டினார்.

"ஆமாங்க. கனமாத்தான் இருந்திருக்கோணும்."