பட்டியலில் இல்லாத அரை மணி நேரம்

1. பதினொரு மணிக்கு நானும் கல்லூரித் தோழிகள் இருவரும் கேமராவோடு ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலைக்குள் போனோம்.
2. நாங்கள் நுழைந்ததும் தையல் பிரிவில் எல்லா மெஷின்களும் நின்றன.
3. அரை மணி நேரம் யாரும் ஒரு தையல்கூடப் போடவில்லை.
4. அந்த லைனில் உட்கார்ந்திருந்த என் அம்மா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஷூவின் மேல்பாகம் எப்படித் தைக்கப்படுகிறது என்பதுதான் எங்கள் இறுதியாண்டு மல்டிமீடியா புராஜெக்ட். அனுமதி வாங்கிக் கொடுத்தது அம்மா. "எங்க லைன்ல டார்கெட் ஒரு ஜோடிகூடக் குறையாது சார்" என்று சூப்பர்வைசரிடம் வாக்குக் கொடுத்து வாங்கியது. மணிக்கு நாற்பது ஜோடி. குறைந்தால் சாயங்காலம் மேனேஜர் முன்னால் நிற்கப்போவது அம்மாதான்.

எனக்குப் பட்டியல் போடாமல் ஒரு வேலையும் ஓடாது. யார், எப்போது, எத்தனை நிமிடம் என்று மூன்று பக்கத்துக்குத் திட்டம் போட்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் ரிஸ்க்குகள்: மின்வெட்டு, வேடிக்கை பார்க்கும் கூட்டம், மெஷின் சத்தம், பாதியிலேயே பிரியாணிக் கடைக்குப் போய்விடக்கூடிய எங்கள் கேமராக்காரி. அனுமதிக் கடிதத்தோடு அதையும் இணைத்திருந்தேன். பொறுப்பான பிள்ளைகள் என்று நினைப்பார்கள் என்ற நப்பாசை.

மெஷின்கள் நின்றதும் டீ இடைவேளை என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தோம். ட்ரைபாடை இரண்டு தடவை இடம் மாற்றினோம். அம்மாவைத் தவிர முப்பது பெண்களும் ஏப்ரனுக்குள் பட்டுப்புடவையும் தலையில் மல்லிகையுமாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்கு முன்வரிசை அக்காவிடம் கேட்டேன்.

"எப்பக்கா ஆரம்பிப்பீங்க?"

"நீ ஆரம்பி பாப்பா. நீ முடிச்சாதான நாங்க ஆரம்பிக்கிறது."

சூப்பர்வைசர் என் பட்டியலோடு வந்தார். ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு டிக். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் பக்கத்தில் ஆள் நிறுத்தியிருந்தார். கூட்டத்துக்குக் கதவருகே வாட்ச்மேன். பிரியாணிக்கு, கேன்டீனில் எங்களுக்கு மூன்று சாப்பாடு சொல்லியிருந்தார்.

"சத்தம் ரிஸ்க்குன்னு போட்டிருக்க. அதான் ஆஃப் பண்ணச் சொன்னேன். இன்னும் இன்னா வேணும், சொல்லு."

பக்கத்துக் கட்டத்தில் 'காலர் மைக்' என்று தீர்வும் எழுதியிருந்தேன். அந்தக் கட்டம் வரை அவர் போகவில்லை.

"சார், படத்துக்கு அந்தச் சத்தம் வேணும்."

"வேணும்னா ரிஸ்க்குன்னு ஏம்மா எழுதுன?"

தீர்வுக் கட்டத்தைக் காட்ட விரலை நீட்டினேன். அதற்குள் அம்மா பெடலை மிதித்துவிட்டார்.

"இருபது ஜோடி பாக்கி. ஓட்டுங்கடி."

மற்ற மெஷின்களும் கிளம்பின. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தைத்தார்கள். கேமரா என்று ஒன்று இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. எங்களுக்கு வேண்டிய காட்சிகள் அத்தனையும் அந்த வேகத்தில்தான் கிடைத்தன. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"பாப்பா, எங்க சோறு ஆறுது, அதையும் புடிச்சிக்கோ" என்றார் முன்வரிசை அக்கா.

அம்மா தலை நிமிராமலே சொன்னார்: "அடுத்த தபா பட்டியல் போட்டா எங்க லஞ்சுக்கும் ஒரு கட்டம் போடு."

இருபது ஜோடியும் ஒரு மணிக்குள் முடிந்தன. மேனேஜர் அம்மாவைக் கூப்பிடவில்லை. படம் ஒன்பது நிமிடம் வந்திருக்கிறது; கல்லூரியில் ஒப்படைத்துவிட்டோம். மதிப்பெண் இன்னும் வரவில்லை.