கீழ்வீட்டுக்காரரின் விரல்கள்

கனடாவின் மொன்றியலுக்கு வந்த புதிது. தொண்ணூறுகளின் தொடக்கம். என் அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. வேலை செய்ய அனுமதியும் இல்லை. ஆனாலும் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன். பிடிபட்டால் வழக்குக் கெடும் என்ற பயம் இருந்தது.

வீட்டுக்கு வெளியே இரும்புப் படி. கோடையில் அதன் அடியில் கீழ்வீட்டு ஈரான்காரர் இருந்து பாடுவார். ஒரே மெட்டு. நான் வேலைக்கு இறங்கும்போது என்னைப் பார்த்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார். திரும்பி வரும்போதும் அப்படித்தான்.

என்னோடு அறையில் இருந்த அண்ணையிடம் சொன்னேன்.

"உவர் உன்ரை போக்குவரத்தை எண்ணுறார்," என்றார்.

"பாட்டுத்தானே அண்ணை."

"பாடுறதுக்கு விரல் என்னத்துக்கு? வாய் காணாதோ?"

அதன் பிறகு பின்படியால் போனேன். இரண்டாம் நாளே மனிதர் பின்பக்கம் வந்து இருந்தார். முன்னுக்கு வெயிலாம். நான் நம்பவில்லை.

காதைக் கொடுத்தேன். மெட்டு மாறவில்லை, சொற்கள்தான் மாறின. சொல் முடிந்தும் மெட்டு மிஞ்சினால் "ஏ..." என்று இழுத்து நிரப்பினார். சொல் கூடினால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கினார். உளவு சொல்கிறவன் இப்படித் திருத்துவானா? திருத்துவான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் நேரே கேட்டேன். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். தான் பக்தியாரி என்றார். மலையில் மந்தையோடு இடம்பெயர்கிற சனம். ஊரில் தங்கைக்குக் கலியாணம், போக வழியில்லை. டெலிபோனில் பாடப் போகிறார். அவர்களிடம் கலியாணப் பாட்டின் மெட்டு பழையது, சொல் அந்தந்த வீட்டாருடையது. மெட்டு ஒடுங்கிய மலைப்பாதை மாதிரி, ஒரு அசை கூடினாலும் விழுந்துவிடும். அதை எண்ணத்தான் விரல். அண்ணன் இருக்கிற இடம் தங்கைக்குத் தெரியவேண்டுமென்று கண்ணில் படுவதையெல்லாம் பாட்டில் போடுகிறாராம்.

"நான் அதுக்குள்ளை இருக்கிறனோ?"

"ஓம். வாய் திறக்காமல் படி ஏறுற அயலவன்."

எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தன் விரல்களைப் பார்த்தார். "எடுத்தால் அடி நொண்டும். அந்த இடத்திலை வேறை ஆரையும் நிப்பாட்டவேணும்," என்றார்.

அடுத்த நாளும் பாடினார். என்னை எடுத்துவிட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? சந்தேகம் போகவில்லை. அவரைக் காணாதது போலவே ஏறி இறங்கினேன்.

பனி கொட்டத் தொடங்கிய பிறகு வழக்கு வென்றது. அவர் கதவைத் தட்டிச் சொன்னேன். உள்ளே இருத்தித் தேத்தண்ணி தந்தார். கலியாணம் முடிந்ததாம், பாடியும் ஆயிற்றாம். என் இடத்தில் ஆரைப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு ஆட்டை," என்றார். "மொன்றியலிலை ஆடு படி ஏறுமோ எண்டு தங்கச்சிக்கு இப்பவும் சந்தேகம்."