வாசிக்காமல் போட்ட கையெழுத்து

காலையில் கடை திறந்ததும் செல்லம்மா அக்கா உள்ளே வந்தார். டவுணில் என் பாத்திரக்கடை வாசலில் கூடை வைத்துக் கொய்யா விற்பவர்.

"என் கூடைய எடுத்துட்டா உங்களுக்கு வியாபாரம் கூடுமோ அண்ணாச்சி?"

"யாருக்கா அப்படிச் சொன்னா?"

போனை நீட்டினார். வார்டு கூட்டத் தீர்மானம். எங்கள் தெருவின் நடைபாதைக் கடைகளை எடுத்துவிட்டு வண்டி நிறுத்த இடம் விட வேண்டுமாம். கீழே மூன்றாவதாக என் கையெழுத்து, கடை முத்திரையோடு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் முகூர்த்த வியாபார நெரிசலில் கவுன்சிலரின் ஆள் ஒரு நோட்டோடு வந்தார். "கூட்டத்துக்கெல்லாம் அலைய வேண்டாம் அண்ணாச்சி, கையெழுத்து போதும்" என்றார். போட்டேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

குடத்தில் சின்ன ஒடுக்கு இருந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவன் நான்.

"வாசிக்கலக்கா" என்றேன்.

"வாசிச்சுப் போட்டிருந்தா உங்ககூடச் சண்டையாவது போட்டிருப்பேன். இப்ப நான் யாருகூடப் போடுதது?"



மதியம் கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போய், என் கையெழுத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். "அது முடியாது. அடுத்த கூட்டத்துல வந்து பேசுங்க அண்ணாச்சி" என்று சிரித்தார்கள்.

இத்தனை வருடம் கடை நடத்துகிறேன், அந்தக் கூட்டம் எங்கே நடக்கும் என்பதுகூடத் தெரியாது. செல்லம்மா அக்காவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கடைக்கார அண்ணாச்சிமாரே, உங்கள் கடைக்கும் இப்படி ஒரு நோட்டு வந்திருக்குமே? எதில் கையெழுத்துப் போட்டோம் என்று தெரிந்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள் வே.