எங்கள் ஆள் நிற்கிற துவக்குக் கடை

"ஒருத்தரும் கை கழுவிப்போட்டு வாறேல்லை," என்று திட்டிக்கொண்டே குகனேஸ்வரி அக்கா வேட்டைத் துவக்கின் குழலைத் துடைக்கிறார். சற்று முன்பு வந்த கிழவர் ஒருவர், எண்ணெய் சொட்டும் அரஞ்சீனாச் சோற்றுருண்டையைத் தின்ற கையோடு அதை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, வாங்காமல் போய்விட்டார். துடைக்கிற துணி அக்காவின் பழைய பருத்திச் சேலைத் துண்டு. துவக்குத் துடைப்பதற்கென்றே தனித் துணி கடையில் விற்பனைக்கு உண்டு. "உது காசு பிடுங்கிற துணி," என்பார் அக்கா, கடைக்காரியின் காதில் விழும்படியாகவே, ஆனால் தமிழில்.

பலேர்மோவில், வியா மக்வேதாத் தெருவிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் இருக்கிறது இந்தக் கடை. கண்ணாடி அலுமாரிகளுக்குள் இரட்டைக்குழல் துவக்குகள் வரிசையாய் நிற்க, நடுவில் பொட்டும் கொண்டையுமாக ஐம்பது தாண்டிய ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் நிற்பார். முதல் முறை வருகிற இத்தாலியர்கள் வாசலில் கொஞ்சம் தயங்குவார்கள். எங்கள் ஆட்கள் இன்னும் கூடத் தயங்குவார்கள். "அங்கை பட்டது காணாதெண்டு இஞ்சை வந்தும் உந்த வேலைதான் கிடைச்சுதோ?" என்று கோயிலில் ஓர் அம்மா கேட்டார். "வேறை எங்கையும் இருந்தால் சொல்லுங்கோ, நாளைக்கே வாறன்," என்றார் அக்கா. அந்த அம்மா அதற்குப் பிறகு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்வதில்லை.

நான் எதிர்க் கட்டடத்தில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கைத் துப்புரவு செய்கிறேன். கதவுத் திறப்பு அவரிடம். அவர் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவர் வரும்வரை அக்காவின் கடைக்குள் ஒரு முக்காலிதான் எனக்கு இருப்பிடம். அதனால் இங்கே எழுதுவதில் பெரும்பகுதி நான் கண்ணால் கண்டது. மிச்சம் அக்கா சொன்னது, அவர் ஒன்றைப் பத்தாக்குகிற ஆள் அல்ல.

கடை சிஞோறா கொஞ்செத்தா என்கிற இத்தாலிய அம்மாவுடையது. அவருடைய வயதான தாயைப் பராமரிக்க வேலைக்கு வந்தவர்தான் அக்கா. தாய் கண்மூடியதும், வேலை இல்லாமல் நின்றவரைக் கடை கூட்ட வரச் சொன்னார் சிஞோறா. கூட்டினார், துடைத்தார், பிறகு எடுத்துக் காட்டினார், பெட்டியில் வைத்துக் கட்டினார். வாங்குகிறவரின் அனுமதித் தாளைப் பார்ப்பதும் காசு வாங்குவதும் சிஞோறாவின் வேலை. வாய் வேலை முழுக்க அக்காவினது. இத்தனை காலத்தில் ஒரு துவக்கின் விசையிலும் அவர் விரல் வைத்ததில்லை. வேட்டைக்காரக் கிழவர்கள் விலை குறைக்கச் சொல்லிக் கெஞ்சினால், இந்த ஊர்க்காரரைப் போலவே, முடியாது என்று தலையைப் பின்னால் சரித்து நாக்கால் ஒரு "ட்ச்" போடுவார். அதோடு பேச்சு முடிந்தது. அந்த "ட்ச்" கேட்கவே வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்த வருடம் மாசி மாதம் எங்கள் பக்கத்தில் கடை உடைப்புகள் தொடங்கின. முதலில் ஒரு பாண் கடை, பிறகு ஒரு போன் கடை, பிறகு வீடுகள். ஒரு சனிக்கிழமை வெடிச் சத்தம் கேட்டது. பட்டாசு என்றார்கள் சிலர், இல்லை என்றார்கள் சிலர். சனம் பயந்துவிட்டது. திங்கட்கிழமை சிஞோறா சிவப்புப் பேனையோடு வந்து பிஸ்டல், தோட்டா, மிளகு ஸ்பிறே எல்லாவற்றுக்கும் விலையை ஏற்றினார். யாரும் கேட்டால் கம்பனி ஏற்றிவிட்டதாகச் சொல்லச் சொன்னார்.

"கம்பனிக்காரன் போன் எடுத்தே கன நாளாச்சு," என்றார் அக்கா என்னிடம். ஸ்பிறேயை அவர் மிளகாய்த்தண்ணி என்றுதான் சொல்வார். "மிளகாய்த்தண்ணிக்கும் ஏத்திப்போட்டா. கறிக்குப் போடுற சாமான்."

ஏறிய விலையை இத்தாலியர்கள் எடுத்த விதம் பார்க்கப் பார்க்க அலுக்காது. சிலர் சிஞோறாவின் முகத்துக்கு நேரே திருடி என்று சொல்லிவிட்டுப் போய், மறுநாள் வந்து பேசாமல் வாங்கினார்கள். சிலர் வேறு ஊர்க் கடைகளுக்குப் போனார்கள். சியாகுல்லியில் மண்டரின் தோட்டம் வைத்திருக்கிற கிழவர் ஒருவர் வருடா வருடம் பங்குனியில் ஒரு பெட்டி பழத்தோடு தோட்டா வாங்க வருவார். இந்த முறை வெறுங்கையோடு வந்தார். விலைத் துண்டைப் பார்த்தார், பழம் இந்த வருடம் சரியில்லை என்றார், போய்விட்டார். "பழத்துக்கு ஒண்டுமில்லை. மனிசனுக்குக் கோவம்," என்றார் அக்கா. மற்ற வேட்டைக்காரர்களும் மெல்ல மெல்ல வரவை நிறுத்தினார்கள். உலகத்தில் எங்கும் நடக்கிறதுதான், விலை ஏறினால் ஆள் குறையும்.

எங்கள் ஆட்கள்தான் தலைகீழ். இந்தக் கடை வாசலைக் கடக்கும்போதே அந்தப் பக்கம் பார்த்து நடந்தவர்கள், விலை ஏறியது என்று கேட்டதும் வரத் தொடங்கினார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு விளங்கியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் நாங்கள். அன்று சவுக்காரத்துக்கு விலை ஏறினால் நாளைக்குச் சவுக்காரம் இல்லை என்று அர்த்தம். பற்றறியும் அப்படி, மண்ணெண்ணெயும் அப்படி. ஏறின அன்றே ஓடிப்போய் வாங்கினவர் கெட்டிக்காரர். அந்தப் பழக்கம் பலேர்மோவுக்கும் எங்களோடு விமானம் ஏறி வந்திருக்கிறது. சறோஜா ஒரு வயோதிபப் பெண்ணைப் பராமரிக்கிறார், மாலை ஐந்து மணிக்குப் பிறகு தெருவிலேயே இறங்காதவர். அவர் வந்து நாலு ஸ்பிறே வாங்கினார். எதற்கு என்று அக்கா கேட்டார். "முடிஞ்சுபோனால்?" என்றார் சறோஜா.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, யசிந்தனின் கதை வரும்வரை.

யசிந்தன் வுச்சீரியாச் சந்தையோரம் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இந்த உடைப்புகள் தொடங்க முதலே, நத்தாருக்கு முன்னம், அவருடைய கடையை ஒருமுறை உடைத்திருந்தார்கள். அந்தச் சூட்டில் அவர் சுடும் பயிற்சிக்குப் போய், வைத்தியச் சான்றிதழ் எடுத்து, பிஸ்டல் ஒன்று வாங்கக் குவெஸ்தூறா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தார். தாள் வந்தது. ஒரு மாதத்துக்குள் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் தாள் செல்லாது. அதற்குள் கோபம் ஆறி, தாளை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பிறகுதான் விலை ஏறிய செய்தி அவருக்கும் போனது.

அக்கா கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் யசிந்தனின் மனைவி றம்யா கையைப் பிடித்துக்கொண்டாராம். "கடைக்குப் பின்னறையிலைதான் நாங்கள் நாலுபேரும் படுக்கிறம் அக்கா. சின்னவள் கை வைக்காத சாமான் இல்லை. அது வந்தால் நான் பிள்ளையளை எங்கை வளத்திறது?" என்று கேட்டாராம். என்னிடம் வந்து சொல்லும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. "அவர் வந்து கேட்டால் நான்தானே பிள்ளை எடுத்துக் குடுக்கவேணும். அதை நினைக்க நெஞ்சு இடிக்குது."

பங்குனிக் கடைசியில் ஒரு காலை யசிந்தன் வந்தார், சட்டைப் பையில் தாளோடு. சிஞோறா காசு மேசையில் போனில் இருந்தார். நான் முக்காலியில்.

"அக்கா, அந்தச் சின்னது ஒண்டுதான் கிடக்கோ?"

"கண்ணாடிக்குள்ளை ஒண்டுதான்."

"எங்கடை ஆள் நிக்கிறீங்கள் எண்டுதான் இஞ்சை வந்தனான். பாத்து ஒரு விலை சொல்லுங்கோ."

"விலை இருக்கட்டும். உந்தத் தாள் கைக்கு வந்த அண்டைக்கு ஏன் நீர் வரேல்லை?"

யசிந்தன் யோசித்தார். "அப்ப தேவைப்படேல்லை."

"இப்ப என்ன, திரும்ப உடைச்சவங்களோ?"

"இல்லை. எல்லாரும் எடுக்கினம் அக்கா. வாற கிழமை ஒண்டும் இராதாம். தாளும் முடியப்போகுது. பிறகு தேவையெண்டால் ஆரிட்டைப் போறது?"

கடையின் பின்பக்கம் ஒரு தடித்த மண்ணிறத் திரை தொங்கும். விலை ஏற்றிய கிழமை சிஞோறா போடச் சொன்னது. அக்கா நடந்துபோய் அதை ஒரு பக்கமாக இழுத்தார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், கூரை முட்டப் பெட்டிகள். பிஸ்டல் பெட்டி, தோட்டாப் பெட்டி, ஸ்பிறேப் பெட்டி.

"முடியப்போற சாமானை வடிவாப் பாரும்," என்றார்.

யசிந்தன் கம்பிக்குக் கிட்டப் போய் நின்றார். "இவ்வளவும் இருக்கோ?"

"ஓம். வியாழக்கிழமையும் ஒரு வான் வந்து இறக்கினது. வாற வருசமும் இருக்கும். உமக்கு வேணுமெண்டால் இப்பவே எடுத்துத் தாறன், அதுதான் என்ரை வேலை. தட்டுப்பாடு எண்டு நினைச்சு மட்டும் எடாதையும்."

"திரும்ப உடைச்சாங்களெண்டால்?"

"உடைச்சால் அரிசி போகும், பருப்பு போகும். இது அந்த அறைக்குள்ளை கிடந்தால் என்ன போகுமெண்டு நான் சொல்லவேணுமோ? நீர் பிள்ளையளுக்குத் தேப்பன்."

யசிந்தன் பையிலிருந்து தாளை எடுத்தார், எடுத்ததை இன்னும் சின்னதாக மடித்து மறுபடி உள்ளே வைத்தார். "மிளகாய்த்தண்ணியாவது ஒண்டு தாங்கோவன்," என்றார்.

"அதுவும் வேண்டாம். அந்தக் காசுக்கு ஷட்டருக்கு நல்ல பூட்டு ஒண்டு வாங்கும்."

அவர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார்.

யசிந்தன் வெளியே இறங்கியதும் சிஞோறா போனை வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் திரை விலகியது விளங்கும், வந்தவர் வெறுங்கையோடு போனதும் விளங்கும். உனக்குச் சம்பளம் தருவது யார் என்று கேட்டார். நீங்கள்தான் சிஞோறா என்றார் அக்கா. அப்படியானால் திரையை மூடு என்றார் சிஞோறா.

இந்த வேலை போனால் இந்த வயதில் அக்காவுக்கு இன்னொன்று இலேசில் கிடைக்காது. வேலை இல்லாவிட்டால் பெர்மெசோவை, இங்கே தங்குகிற அனுமதியை, புதுப்பிக்கிற நேரம் தலையிடி. அக்கா முக்காலியைக் கேட்டார், எழும்பிக் கொடுத்தேன். அதில் ஏறி, கொக்கி கொக்கியாகத் திரையைக் கழற்றினார். கழற்றியதைச் சேலை மடிக்கிறதுபோல் மடித்துத் தன் பைக்குள் திணித்தார். சரியான அழுக்கு, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்துக் கொண்டுவருகிறேன் என்று இத்தாலிய மொழியில் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒரு வேட்டைக்காரக் கிழவர் உள்ளே வந்து அக்காவைத் தேடினார். கதை அதோடு நின்றது.

பின்னறை நிறையச் சாமான் கிடக்கிறது என்ற செய்தி, விலை ஏறிய செய்தியைவிட வேகமாக எங்கள் வாட்ஸ்அப்பில் ஓடியது. அடுத்த கிழமையே எங்கள் ஆட்கள் வருவது நின்றுவிட்டது. சறோஜா ஸ்பிறேயைத் திருப்பித் தரலாமா என்று கேட்டுப் பார்த்தார். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் சிஞோறா விலையைப் பாதிக்குப் பாதி இறக்கினார், கிழவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். யசிந்தனின் ஒழுங்கையில் மீன்காரனும் பங்களாதேஷ் போன் கடைக்காரரும் அவரும் பேசி, இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் ஷட்டரை இழுக்கிறார்கள். தனியாக ஒருவரும் பூட்டுவதில்லை. யசிந்தனின் தாள் காலாவதியாகிவிட்டது. "இப்பதான் அக்கா நித்திரை எண்டு ஒண்டு கொள்ளுறன்," என்றார் றம்யா, எனக்குப் புளி நிறுத்துக்கொண்டே.

போன கிழமை பல் வைத்தியருக்காகக் காத்திருந்தேன். ஆடி மாத வெயில், கல்லுத் தெரு அடுப்பாகக் கொதித்தது. கம்பிக் கதவின் பின்னால் பெட்டிகள் எல்லாம் தெருவில் போகிறவருக்கும் தெரியும்படி பளிச்சென்று கிடந்தன. சிஞோறா கணக்குப் பார்த்த கண்ணை நிமிர்த்தி, பங்குனியில் தோய்க்கக் கொண்டுபோன என் திரை எங்கே என்று கேட்டார்.

அக்கா வாசலுக்குப் போனார். வலது கையை வெயிலுக்குள் நீட்டி, உள்ளங்கையை ஒரு தரம் பிரட்டிப் பார்த்தார். கையை உள்ளே எடுத்துக்கொண்டு, "இன்னும் காயேல்லை, சிஞோறா," என்றார், தமிழில்.